மூச்சடக்கிய மாப்பிள்ளை

அமஸ்தானைப் போல வாய் திறக்காத மனிதனை எங்கள் பாலைவனத்து ஹொகார் மலையில் நான் பார்த்ததில்லை. உச்சியிலிருக்கும் காற்று நிலையத்தில் பதினாறு வருஷமாக வேலை. செவ்வாய்தோறும் இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் காற்றுப் பிடிப்பான். நான் ஜீப்பில் அடிவாரத்துத் தமன்ராசெட் நகரத்துக்கு இறக்கிக்கொண்டு போவேன். அங்கிருந்து அவை கடல் தாண்டி ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போகும். துருவத்திலும் தீவுகளிலும் இப்படியே பிடித்த காற்றோடு ஒப்பிட்டு, உலகத்தில் கரியமில வாயு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

வரும்போது குடுவைக்குள் காற்றுகூட இருக்காது. திருகைத் திறந்தால் காற்று பாய்ந்து உள்ளே போகும். அப்போது பிடிப்பவன் மூச்சு விடக் கூடாது. விட்டால் அந்த வாரம் வீண்.

அவன் மனைவி கெல்லா கோபித்துக்கொண்டு அம்மாவின் கூடார முகாமுக்குப் போய் மூன்று மாதமாகிவிட்டது. ஒரு செவ்வாய், அவன் திருகைத் திறந்த நேரம் பார்த்து, மாமனார் உக்சேம் ஒட்டகத்திலிருந்து இறங்கினார்.

"மாப்ளே, சௌக்கியமா? ஆடுங்க எப்படி? ஒடம்பு எப்படி? குளிரு எப்படி?"

எங்களிடையே குசலத்துக்குப் பதில் சொல்லாமலிருப்பது முகத்தில் துப்புவதற்குச் சமம். அதுவும் மாமனாருக்கு! அமஸ்தானுக்கு விழி பிதுங்கியது. ஒரு கையால் முகத்துணியை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டான். மாமனார் முன்னால் அது மரியாதைதான், ஆனால் பதில் வரவில்லை. நானாவது குறுக்கே பேசியிருக்கலாம். எனக்கும் புத்தி குழம்பிப்போய், அவனோடு சேர்ந்து மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். உக்சேம் ஒட்டகத்தைத் திருப்பினார்.

அமஸ்தான் திருகை மூடிவிட்டுப் பின்னாலேயே ஓடினான். "சௌக்கியம் மாமா! ஆடுங்க நல்லாருக்கு! ஒடம்பு நல்லாருக்கு! குளிரு... குளிரு இருக்கு மாமா!"

"என் மக சொன்னது சரியாத்தான் இருக்கு. அவ கேட்டப்பவும் இப்படித்தான் நின்னியாம்."

"மூச்சு விடக் கூடாது மாமா..."

"அவ கேட்டது கூடாரத்துக்குள்ள! அங்க என்ன குடுவை? மலை வேணுமா, நான் வேணுமான்னு கேட்டா. இப்பவாவது சொல்லு."

அமஸ்தான் குடுவையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என்னை எதற்குப் பார்க்க வேண்டும்? எரிச்சலாக வந்தது.

"தெரியல மாமா. ஒரு நாள் அது, ஒரு நாள் இது. தெரியாமத்தான் சும்மா நின்னேன்."

"இதப் போய் அவகிட்ட எப்படிச் சொல்றது?" என்று முனகிக்கொண்டே உக்சேம் ஒட்டகத்தில் ஏறினார்.

அடுத்த செவ்வாய், முகாமருகே கெல்லா ஜீப்பை மறித்தாள். கையில் மூட்டை. ஏறி உட்கார்ந்தாள்.

"தெரியலன்னு சொன்னாராமே? அவராவா? வாயத் தொறந்தா?"

"ஆமாம்மா."

மலை ஏறி முடிப்பதற்குள் அதையே மூன்று தடவை கேட்டுவிட்டாள்.