பத்துக்குப் பூச்சியம்

இப்போதெல்லாம் கிழமைக்கு ஒரு சூப்பர் ஹீரோ பிறக்கிறான். கந்தோரில் என் பக்கத்து மேசைக்காரி ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதிதாக ஒருவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வருவாள். அவன் பறப்பான், அல்லது மறைவான், அல்லது இரண்டையும் செய்துவிட்டு மழையில் நின்று அழுவான். "முந்தின மாதிரி இல்லையடி, தரம் குறைஞ்சு போச்சு" என்று அவளே தீர்ப்பும் சொல்லிவிடுவாள். தரம் என்ற பேச்சு வந்ததும் நான் எழுந்து தேத்தண்ணி போடப் போய்விடுவேன். பத்து வயதில் அந்தத் துறையில் நான் பெரிய விமர்சகியாக இருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

நாங்கள் நெடுந்தீவில் இருந்தோம். அப்பா கட்டாரில், ஒரு கம்பனியின் களஞ்சியத்தில் வேலை. லீவில் ஊருக்கு வருகிற யாரிடமாவது சவர்க்காரமும் பால்மாவும் கொடுத்தனுப்புவார். அவற்றுக்கு நடுவில், காலுறை ஒன்றுக்குள் சுருட்டியபடி ஒரு பென்ட்ரைவ் இருக்கும். அதற்குள்தான் என் வீரர்கள். குறிகட்டுவான் இறங்குதுறைவரை அவர்கள் சுகமாக வந்துவிடுவார்கள். பிறகு காற்று எழும்பினால் படகு ஓடாது. வானத்தைப் பிளந்து பறக்கிறவர்கள் எல்லோரும் படகுக்காக இரண்டு நாள் அக்கரையில் காத்துக் கிடப்பார்கள்.

முதல் பென்ட்ரைவில் இரண்டே இரண்டு தொடர்கள்தான் இருந்தன, இரண்டும் அருமையானவை. கூடவே கொப்பித்தாள் ஒன்றில் அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. எதை முதலில் பார்ப்பது, எதை அம்மாவோடு இருந்து பார்ப்பது என்று எழுதியிருப்பார். வெள்ளிக்கிழமை அவருக்கு ஓய்வு நாள். அன்று முழுவதும் இருந்து, ஒன்றுவிடாமல் தான் பார்த்த பிறகுதான் எனக்கு அனுப்புவார். "ஐந்தாம் பாகத்தில் ஒரு தாய் சாகிறா. பிள்ளை அழுவாய், அதனால் அதை எடுத்துவிட்டேன். நடந்தது இதுதான்" என்று தொடங்கி, அந்தப் பாகத்தின் கதையைத் தானே எழுதிவிடுவார். அவர் எழுதியதில் அந்தத் தாய் சாகவில்லை. வேலணைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள்.

எனக்கு அப்போது யாரும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்த வருடம் அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. சீனி வருத்தம் என்கிற நீரிழிவு கண்ணில் இறங்கிவிட்டது. முதலில் எழுத்துகள் போயின, பிறகு முகங்கள். அம்மாவுக்குத் தெரியும். கட்டாரில் அப்பாவோடு ஒரே அறையில் இருந்த வேலணைக்காரருக்கும் தெரியும். ஆனால் ஐந்தாம் வகுப்பு என்றால் புலமைப் பரிசில் பரீட்சை. அந்தப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் யாரும் உரக்கத் தும்முவதுகூட இல்லை. பிள்ளையின் மனம் குழம்பிவிடும் என்று எல்லாக் கெட்ட செய்திகளையும் பரீட்சைக்கு அடுத்த நாளுக்குத் தள்ளிவைப்பார்கள். அப்பாவின் கண்ணையும் அப்படித்தான் தள்ளிவைத்தார்கள்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பென்ட்ரைவ் கெட்டுப்போய்க்கொண்டிருந்தது. இரண்டு ஆறாகி, ஆறு பத்தொன்பதாகியது. பத்தொன்பது வீரர்கள்! சுருங்குகிறவன், உறைய வைக்கிறவன், சுவருக்குள்ளால் வருகிறவன். எல்லோரும் ஒரே பழைய களஞ்சிய அறைக்குள்தான் சண்டை பிடித்தார்கள். ஒருவன் பறக்கும்போது கட்டியிருந்த கயிறு தெரிந்தது. தமிழில் குரல் கொடுத்தவர்களோ, கதாநாயகனுக்கும் பொலிசுக்கும் கதாநாயகியின் தகப்பனுக்கும் ஒரே தொண்டையைக் கொடுத்திருந்தார்கள். சிலவற்றில் நடுப் பாகங்கள் இல்லை, சிலவற்றில் முடிவே இல்லை. கொப்பித்தாளும் இல்லை. அதற்குப் பதிலாக, வேறு யாரோ உருட்டி உருட்டி எழுதிய ஒரு துண்டு: "எல்லாம் நல்ல படம்."

"இது அப்பாவின்ர எழுத்தில்லையே?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அவருக்குக் கை நோவாம். நீ படி" என்று அம்மா குசினிக்குள் போய்விட்டார். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா தொலைபேசியில் வந்தபோது நான் பிடித்துக்கொண்டேன். "அப்பா, முந்தி நீங்கள் எல்லாத்தையும் பாத்துப்போட்டுத்தானே அனுப்புவீங்கள்? இப்ப ஏன் பாக்கிறேல்லை?"

"வேலை கூட, பிள்ளை. அடுத்தமுறை நல்லதாய் அனுப்புறன்" என்றார். அம்மா என் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்தார். அவர் ஏன் அவ்வளவு வேகமாகப் பறித்தார் என்று எனக்குக் கோபம் வந்தது.

அடுத்தமுறை இருபத்திமூன்று வீரர்கள் வந்தார்கள். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. பயிற்சி வினாத்தாள்களைத் திருத்தித் திருத்தி என் கைக்கும் மார்க் போடும் பழக்கம் வந்திருந்தது. சிவப்புப் பேனையை எடுத்து, இருபத்திமூன்றையும் இலக்கமிட்டு, கதை, சண்டை, உடுப்பு என்று பிரித்து மார்க் போட்டேன். பெரும்பாலானவர்களுக்குப் பத்துக்குப் பூச்சியம். ஒருவனுக்கு மட்டும் குதிரையில் வந்ததற்காக இரண்டு. கடைசியில், "உங்களுக்கு என்னில் இப்போது அக்கறை இல்லை. அக்கறை இருந்தால் பார்த்து அனுப்புவீர்கள்" என்று எழுதி அழகாகக் கையொப்பமும் வைத்தேன். அம்மாவிடம் காட்டவில்லை. கட்டாருக்குத் திரும்பிப் போகிறவரிடம் இறங்குதுறையில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு பென்ட்ரைவ் வரவில்லை. நான் வென்றுவிட்டதாகவே நினைத்தேன்.

பரீட்சை ஞாயிறு. திங்கட்கிழமை காலை அம்மா என்னைக் கதிரையில் இருத்திச் சொன்னார். ஏழெட்டு மாதங்களாக அடக்கிவைத்திருந்ததை மூன்று வசனத்தில் சொல்லி முடித்துவிட்டார். அடுத்த கிழமை அப்பா படகில் வந்து இறங்கினார். வேலணைக்காரர் தன் லீவை எடுத்துக்கொண்டு கூடவே வந்து, தோளைப் பிடித்து இறக்கினார். அப்பா நான் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்துச் சிரித்தார். நான் நகர்ந்து அந்த இடத்தில் போய் நின்றேன்.

"நீர்தானோ அந்த மார்க் போடுற ரீச்சர்?" என்று வேலணைக்காரர் என்னைக் கேட்டார். "நான் கடையில கிடைச்சதெல்லாத்தையும் ஏத்தி அனுப்பினனான், எனக்கென்ன தெரியும்? உம்மட கடிதத்தையும் நான்தான் வாசிச்சனான். பூச்சியத்தையெல்லாம் ஐஞ்சு எண்டு மாத்தி வாசிச்சுப் பாத்தன். அப்பா நம்பேல்லை. என்ர பிள்ளை உப்பிடி மார்க் போடாது எண்டிட்டார்."

கடைசி வரியையும் வாசித்தாரா என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. அவர் சொன்ன விதத்தில் எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அப்பா வந்து சில நாட்கள் போயிருக்கும். ஒரு பின்னேரம் அவர் விறாந்தையிலிருந்து சுவரைத் தடவிக்கொண்டு வந்து, தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரையில் இருந்தார்.

"பிள்ளை, அந்தப் பூச்சியம் வாங்கினதில ஒண்டைப் போடு பாப்பம்."

"அது கூடாது அப்பா."

"பரவாயில்லை, போடு."

போட்டேன். அதே தொண்டை, அதே களஞ்சிய அறை. அப்பா முன்னால் குனிந்து இருந்தார். "இப்ப என்ன நடக்குது?"

"ஒருத்தன் பறக்கிறான்."

"எதுக்கு மேலால?"

"கட்டடத்துக்கு மேலால."

"உடுப்பு என்ன நிறம், குஞ்சு? அவன்ர முகம் எப்பிடி இருக்கு?"

"சும்மா ஒரு முகம்" என்றேன். ஒவ்வொரு நிமிடமும் ஒரு கேள்வி வந்தது. பார்க்கவே சகிக்காத ஒன்றைப் பார்த்து, அதை வாயாலும் சொல்ல வேண்டியிருந்தது. வெளியே ஒழுங்கையில் என் கூட்டாளிகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். புல்வெளியில் குட்டி போட்டிருந்த குதிரையைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு. தீவில் கரண்ட் நினைத்தபடி வந்து போகும், அதனால் எனக்கு ஒரு யோசனை வந்தது. தொலைக்காட்சியை நிறுத்தினேன்.

"கரண்ட் போயிட்டுது, அப்பா."

அவர் நிமிர்ந்தார். "போயிட்டுதோ?" என்றார். பிறகு, "சரி பிள்ளை. நீ போய் விளையாடு" என்றார்.

அவ்வளவு லேசாக நம்பிவிட்டாரே என்று எனக்குச் சந்தோசம். செருப்பைக் கொழுவிக்கொண்டு வாசலில் ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். அப்பா அதே கதிரையில், தொலைக்காட்சி இருந்த பக்கம் முகத்தை வைத்தபடி இருந்தார். அவருடைய தலைக்கு மேலே ஃபான் சுற்றிக்கொண்டிருந்தது. அதை நானும் கண்டேன். அவருக்கும் அந்தக் காற்றுப் பட்டிருக்கும் என்று விளங்க எனக்கு எத்தனையோ வருடங்கள் சென்றன.