நுனி உடைந்த நத்தைகள்

ரூபாய்க்குப் படியரிசி என்ற ஆட்சி வந்த புதிது. பண்டைக் காலத்து மனிதர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று அறிய, திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே ஒரு மேட்டைத் தோண்டிக்கொண்டிருந்தோம். கூலிக்கு மண் சலிக்க வந்தவர்களில் ஓர் அம்மாள் நல்ல உயரம். எது கிடைத்தாலும் முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் என்னிடம் தருவார்.

ஒரு குழியில் நுனி உடைந்த நத்தை ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. "கோத்துப் போட்ட மணிகள்" என்று சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினேன்.

"மணி இல்லீங்க சார். நுனிய ஒடச்சாத்தான் கறிய உறிஞ்ச வரும்" என்றார்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"கூலி கேட்டு வேலைக்குப் போவாம கெடந்தப்ப எங்களுக்கு இதாங்க சோறு."

வாய்க்காலில் ஒரு நத்தையை எடுத்து, கல்லால் ஒரே தட்டு தட்டிக் காட்டினார். இரண்டு உடைப்பும் அச்சு அசல் ஒன்று. நோட்டில் 'மணிகள்' என்பதை அடித்தேன்.

பிறகு கேட்டார்: "செங்கல் சுவரு இருந்த குழியில கருகுன நெல்லு கெடச்சுதே, அங்க இந்த ஓடு இருந்துச்சுங்களா?"

"ஒண்ணுகூட இல்லைம்மா. ரெண்டும் ஒரே காலத்துக் குழிதான், ஆனா இங்க ஒரு நெல்லும் இல்லை."

ஓட்டைத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"அப்பவுமா சார்?"