இரவல் எரிமலை

அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் அவள் லேப் அக்கா. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக ஊசி குத்துகிறாள், குழாயில் பெயர் ஒட்டுகிறாள், மிஷின் சொன்னதைத் தாளில் எழுதுகிறாள். "வேலைக்குச் சேரணும்க்கா, சர்க்கரையைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டுக் குடுங்களேன்" என்று பல்லிளித்துக்கொண்டு மாதம் நாலு பேராவது வருவார்கள். "நான் தாள்ல குறைச்சா உங்க உடம்புல குறைஞ்சிடுமா? போங்க சார், போய் நடங்க" என்று விரட்டுவாள். அவர்கள் தலை மறைந்ததும் குழாயடிக்குப் போய் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுவாள். பொய் கேட்டு வருகிறவர்களைக் கண்டால் அவளுக்கு அப்படியொரு அருவருப்பு.

மகளுக்கும் அதே கறாரோடுதான் ஒரு நோட்டு வைத்திருந்தாள். வீட்டில் சுண்டு என்று கூப்பிடும் அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயது. இரண்டாம் வகுப்பில் வாசிக்கும்போது திக்கினாள் என்று டீச்சர் அவளை மேசைமேல் ஏற்றி நிறுத்தி, வகுப்பையே கைதட்டச் சொல்லியிருக்கிறாள். மகராசி! அன்றைக்கு மூடிய வாய். வீட்டுக்குள் வாயாடி, வெளியாள் வந்தால் ஊமை. அதனால்தான் இரண்டு வருடமாக வீட்டுப் படிப்பு. வருடத்துக்கு ஒரு முறை கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, எழுத்து வாசிப்பு, அறிவியல், பிறரோடு பழகுவது என்று மூன்றையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பிள்ளை மறுபடி அதே பள்ளிக்குத்தான் போக வேண்டும்.

நோட்டில் உள்ளது உள்ளபடி இருந்தது. 'வாசிப்பு: ஒரு பக்கம். ஆறு இடத்தில் நின்றாள்.' 'பழகுவது: தண்ணீர் கேன்காரரைப் பார்த்துத் தலையாட்டினாள். பேசவில்லை.' அறிவியலுக்கு இரண்டு ரொட்டித் துண்டுகள். ஒன்று ஜன்னலோரம் டப்பாவில், இன்னொன்று ஃபிரிட்ஜில். பதினாறு நாள், தினமும் காலையில் மூடியைத் திறந்து பார்த்துப் பூசணத்துக்குக் கலர் பென்சிலால் படம் போட்டிருந்தாள் சுண்டு. வெள்ளை, பச்சை, அப்புறம் கறுப்பு. கடைசியில் அவளே எழுதியது: 'குளிரில் இருந்த ரொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன்?' அந்த 'ஏன்' எழுதிய நாள் லேப் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவள் புருஷனுக்குச் செல்போன் கடையில் விற்பனை வேலை. பழைய மாடலைப் புதுசு என்று தலையில் கட்டுவதில் சூரன். அலுவலர் வருகிற காலையில் அவன் முதல் வேலையாக ரொட்டி டப்பாவைக் குப்பையில் கவிழ்த்தான்.

"இந்த நாத்தத்தையா காட்டப் போற? பாக்குறவனுக்கு வாந்தி வந்துடும்."

"அது அவ பதினாறு நாள் பார்த்துப் பார்த்து வளர்த்ததுங்க!"

"பூசணத்தை வளர்த்தாளாம், பெருமை வேற! இதைப் பாரு." பளபளவென்று ஒரு ஃபைலை நீட்டினான். ஜெராக்ஸ் கடையில் வீட்டில் படிக்கிற பிள்ளைகளுக்கு ரெடிமேடாகச் செய்து கொடுக்கிறார்களாம். பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

புரட்டினாள். 'என் லட்சியம்' என்று ஒரு கட்டுரை. அதிலிருந்த பாதி வார்த்தை சுண்டுவுக்குத் தெரியாது. யாரோ பிள்ளைகள் கூடிச் சிரிக்கிற போட்டோவின் ஓரத்தில் சுண்டுவின் முகத்தை ஒட்டியிருந்தார்கள். அடுத்த பக்கத்தில் களிமண் எரிமலை, அதில் சிவப்புத் தண்ணீரை ஊற்றுகிற ஒரு கை. கொழுகொழு கை, மணிக்கட்டில் வாட்ச். சீ! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறாள். இந்த மனுஷன் எரிமலையையே மறைக்கப் பார்க்கிறான்.

"உனக்குக் கையெழுத்து வேணுமா, உன் நோட்டு வேணுமா?" என்றான் அவன். அவள் ஃபைலை மூடி நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அலுவலர் வந்து உட்கார்ந்தார். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு ஃபைலைப் புரட்டினார். பிள்ளையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. லேப் அக்கா நீட்டிய நோட்டை ஒற்றை விரலால் தள்ளிவைத்தார். "இது எதுக்கும்மா, ஒரே கிறுக்கலா இருக்கு. ஃபைல் அருமையா இருக்கே! எரிமலை பிரமாதம்." பேனாவைத் திறந்தார்.

"அ... அது என் கை இல்ல."

லேப் அக்காவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பேசியது சுண்டு! இரண்டு வருடத்தில் முதல் முறையாக, முன்பின் தெரியாத ஆளிடம், நேராக முகத்தைப் பார்த்து. ஓடிப்போய் அள்ளிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"என்ன சொல்லுது பாப்பா?" அலுவலரின் பேனா அந்தரத்தில் நின்றது.

"சும்மா விளையாடுறா சார்," என்று புருஷன் இளித்தான். மாதம் நாலு பேரிடம் அவள் பார்க்கிற அதே இளிப்பு.

அலுவலர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. பாப்பா கைதானே இது?"

சுண்டுவும் திரும்பினாள். அம்மா சொல்லிவிடுவாள் என்று அவளுக்கு அத்தனை நிச்சயம். லேப் அக்காவின் கண்ணுக்கு முன்னால் அந்த வகுப்பறை மேசை வந்தது, அந்தக் கைதட்டல் கேட்டது.

"ஆமா சார்," என்றாள்.

கையெழுத்து விழுந்தது. 'பழகுவதில் நல்ல முன்னேற்றம்' என்று எழுதி, பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு அவர் கிளம்பினார். வழியனுப்பப் புருஷன் பின்னாலேயே ஓடினான். லேப் அக்கா குழாயடியில் நின்று இரண்டு தடவை சோப்புப் போட்டாள். மூன்றாவது தடவையும் போட்டாள். கை வெளுத்ததுதான் மிச்சம்.

திரும்பி வந்து நோட்டைத் திறந்தாள். 'பழகுவது: வெளியாளிடம் தானாகப் பேசினாள்' என்று எழுதிவிட்டு மூடப் போனாள்.

"அவ்வளவுதானா?" சுண்டு பக்கத்தில் வந்து நின்றாள். "நீ சொன்னதை எழுதலையாம்மா?"

சுண்டு பேனாவை வாங்கி, குனிந்து, நிதானமாக எழுதினாள்: 'அது என் கை இல்லை. அம்மா ஆமாம் என்று சொன்னாள்.' எழுதியதை வாசித்தும் காட்டினாள். ஓரிடத்திலும் நிற்கவில்லை.