ஏசுதாஸ் சாரின் பகல் ஹால்

கல்லூரியில் எல்லோரும் வேண்டாம் என்று தட்டிக்கழித்த வேலை எதுவானாலும் அது சுற்றிச் சுற்றி ஏசுதாஸ் தலையில்தான் வந்து விழும். செங்கல்பட்டில் அந்தக் கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து அவர் பொருளாதாரத் துறையில் டியூட்டர். பின்னால் வந்தவர்கள் லெக்சரர் ஆனார்கள், லெக்சரர்கள் புரொபசர் ஆனார்கள், இவர் மட்டும் டியூட்டராகவே நரைத்தார். உபகாரச் சம்பள விண்ணப்பத்தைச் சரிபார்ப்பது அவர். ரயில் சலுகைச் சீட்டுக்கு முத்திரை வாங்கித் தருவது அவர். விளையாட்டு விழாவன்று பந்தல்காரனோடு மல்லுக்கு நிற்பதும் அவரேதான். "ஏசுதாஸ் இருக்காரே, அவர் பார்த்துப்பார்" என்று பிரின்சிபால் பக்தவச்சலம் சொல்வது கேட்கிறவர்களுக்குப் பாராட்டு மாதிரி இருக்கும். ஏசுதாஸுக்கு அதைக் கேட்டாலே முதுகு வலிக்கும்.

அப்படி வந்து சேர்ந்த வேலைகளில் ஒன்றுதான் பகல் ஹால். வாசலில் 'பகல் மாணவர் இல்லம்' என்று பலகை தொங்கும். வீட்டில் மேசையோ விளக்கோ இல்லாத வெளியூர்ப் பிள்ளைகள் வகுப்பில்லாத நேரத்தில் வந்து படிக்கட்டும் என்று அரசாங்க மானியத்தில் போட்ட நீளக் கொட்டகை அது. உள்ளே நாலு மின்விசிறி, நீள நீளமாக மேசை, பெஞ்சு.

அங்கே படிப்பும் நடந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலும் நடந்தது தூக்கம். மாமல்லபுரத்துக் கரையோரக் குப்பங்களிலிருந்து வருகிற பையன்கள் விடியும் முன்னே அப்பனோடு கட்டுமரம் தள்ளிக் கடலுக்குப் போய், திரும்பி வலையை உதறி, மீனைக் கரையில் கொட்டிவிட்டு, தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறி வருகிறவர்கள். திருக்கழுக்குன்றத்தில் பஸ் மாறிக் கல்லூரிக்கு வந்து சேரும்போதே கண் சொருகும். காலை வகுப்பை எப்படியோ தாங்குவார்கள். மத்தியானம் ஹாலுக்கு வந்து, புத்தகத்தைத் தலைக்கு வைத்து, பெஞ்சில் ஆளுக்கு ஒரு துண்டு இடம் பிடித்து விழுந்தால், மணி அடித்ததும் எழுந்து முகம் கழுவி அடுத்த வகுப்புக்குப் போவார்கள். அந்தத் தூக்கம் இல்லையென்றால் அவர்களுக்குப் படிப்பே இல்லை.

ஏசுதாஸ் இதைக் கண்டும் காணாமல் விட்டிருந்தார். அவருடைய அப்பாவும் அம்மாவும் அறுப்புக் கூலிகள். மிஷன் பள்ளியில் படித்த காலத்தில் அறுப்பு நாட்களில் அவரும் களத்தில் நின்றுவிட்டு வகுப்புக்குப் போவார். அங்கே தூங்கி வழிந்து வாங்கின பிரம்படி கொஞ்சமில்லை. அதனால் ஹாலில் யாராவது குறட்டை விட்டால் சத்தமில்லாமல் மின்விசிறியை ஒரு சுற்றுக் கூட்டி வைத்துவிட்டுப் போவார்.

எழுபத்து மூன்றாம் வருஷம், மழை தொடங்குவதற்கு முன்னால், மாமல்லபுரத்தில் ஒரு பயிற்சி வைத்தார்கள். கல்லூரிகளில் மாணவர்களுக்கென்று நடக்கிற உதவித் திட்டங்கள் உருப்படியாக நடக்கின்றனவா என்று மதிப்பிட ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி. போக யாருக்கும் மனமில்லை. ஏசுதாஸ் போனார்.

கடலோர விடுதி ஒன்றில் பாடம். சென்னையிலிருந்து வந்த பார்த்தசாரதி என்பவர் நடத்தினார். நல்ல மனிதர், பொறுமைசாலி, கரும்பலகை நிறைய எழுதுவார். ஒரு திட்டம் எதற்காக வந்தது, அதற்கு என்ன செலவு, அதனால் யாருக்கு என்ன நடந்தது, இந்த மூன்றையும் கேட்கத் தெரிந்தவன்தான் மதிப்பீட்டாளன் என்றார். சாப்பாடு போட வந்த திட்டத்தில் சாப்பாட்டைப் பாருங்கள், படிக்க வைக்க வந்த திட்டத்தில் படிப்பைப் பாருங்கள், வேறு கதை கேட்டு மனம் இளகாதீர்கள் என்றார். நோக்கம் நிறைவேறாத இடத்துக்கு மானியம் தருவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது என்றும் சொன்னார். மத்தியான வகுப்புகளில் ஏசுதாஸுக்குக் கண்ணைத் திறந்து வைப்பதே பெரும்பாடாக இருந்தது. ஆனாலும் இது காதில் விழுந்தது.

தூக்கத்தைக் கலைத்தது அதற்கு அடுத்த அறிவிப்புதான். செய்முறைப் பயிற்சிக்காக எல்லோரும் ஒரு கல்லூரிக்குப் போய் ஒரு திட்டத்தை உண்மையாகவே மதிப்பிடப் போகிறார்கள், அந்த அறிக்கை மானியம் தரும் அலுவலகத்துக்கும் போகும். கிட்டத்தில் இருப்பது செங்கல்பட்டு. திட்டம், பகல் மாணவர் இல்லம்.

"உங்க இடம்தானே ஏசுதாஸ், நீங்க குழுவில சேர வேண்டாம். வீட்டுக்காரரா நின்னு வரவேற்றா போதும்" என்று சிரித்தார் பார்த்தசாரதி.

அப்போதே எழுந்து, ஐயா, அங்கே பையன்கள் தூங்குகிறார்கள், தூங்கினால்தான் அவர்கள் படிக்க முடியும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்பார்கள், விளக்க வேண்டும், விளக்கினால் வாதம் வரும். பிரின்சிபால் வேறு அந்தக் கொட்டகையை டைப்ரைட்டிங் வகுப்புக்குக் கேட்டு ரொம்ப நாளாக நச்சரித்துக்கொண்டிருக்கிறார். வாதாடுகிற தெம்பு ஏசுதாஸுக்கு எப்போதோ போய்விட்டது. அன்று சாயங்காலமே பஸ் பிடித்துச் செங்கல்பட்டு வந்தவர், மறுநாள் காலை ஹாலுக்குள் நுழைந்தார்.

சிங்காரம்தான் முன்னால் இருந்தான். பி.ஏ. கடைசி வருஷம், அவருடைய வகுப்புப் பையன், மற்ற குப்பத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தலைவன் மாதிரி.

"நாளைக்கு மத்தியானம் பெரிய ஆளுங்க வராங்க. ஒருத்தனும் தூங்கக் கூடாது. புரியுதா?"

"இன்னா சார் கேப்பாங்க?"

"என்ன கேட்டாலும் படிக்கிறோம்னு சொல்லுங்க. இல்லன்னா இந்த எடத்த மூடிடுவாங்கடா."

"சரி சார். நா பாத்துக்கறேன்" என்றான் சிங்காரம். ஏசுதாஸைப் பற்றிப் பிரின்சிபால் சொல்லுகிற அதே வார்த்தை.

சொன்னபடியே பார்த்துக்கொண்டான். மறுநாள் அந்தக் குழு வந்தபோது ஹால் நிறைந்திருந்தது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து படித்தார்கள். ஒருவன் தூங்கி விழப் போனால் பக்கத்திலிருந்தவன் மேசைக்கு அடியில் காலை மிதித்தான். கண்ணெல்லாம் சிவப்பு. அதைப் பார்த்த ஒரு பேராசிரியை, "பாவம், எவ்வளவு படிக்கிறார்கள்" என்று உருகிப்போனார். ஏசுதாஸ் சுவரோரம் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பார்த்தசாரதி சிங்காரத்திடம் போனார். பயனாளியின் வாயிலிருந்தே கேட்க வேண்டும் என்பது அவர் பாடம்.

"இந்த ஹால்ல உனக்கு இன்னும் என்ன செஞ்சு குடுத்தா நல்லாருக்கும்? பயப்படாம சொல்லு தம்பி."

சிங்காரம் வாயைத் திறந்தான். பிறகு தலையைத் திருப்பி ஏசுதாஸைப் பார்த்தான். ஒரு கணம்தான்.

"படிக்க இன்னும் கொஞ்சம் நேரம் வேணும் சார்" என்றான்.

பார்த்தசாரதியின் முகம் மலர்ந்தது. ஏசுதாஸுக்கும் அப்பாடா என்றிருந்தது. கெட்டிக்காரன், காப்பாற்றிவிட்டான் என்று மனசுக்குள் அவனைத் தட்டிக்கொடுத்தார்.

பயிற்சியின் கடைசி நாளில் அறிக்கையை எல்லோர் முன்னிலும் வாசித்தார்கள். மாவட்டத்தில் இவ்வளவு நன்றாகப் பயன்படும் இடம் வேறில்லை, மானியத்தைக் கூட்டித் தர வேண்டும் என்று அதில் இருந்தது. கைதட்டினார்கள். ஏசுதாஸுக்குச் சான்றிதழ் கிடைத்தது.

கடைசியில் ஒரு பரிந்துரையும் இருந்தது. படிக்க நேரம் போதவில்லை என்று மாணவர்களே கேட்கிறார்கள். ஆகவே, வகுப்புகள் குறுக்கே வரும் பகலில் ஹாலை மூடி, அவை முடிந்தபின் சாயங்காலம் ஐந்து முதல் எட்டு வரை நல்ல விளக்கு போட்டுத் திறந்து வைத்தால் தடையில்லாமல் படிப்பார்கள்.

தீபாவளி கழிந்ததும் அது நடைமுறைக்கு வந்தது. புது டியூப்லைட் போட்டார்கள். பகலில் அந்தக் கொட்டகைக்கு டைப்ரைட்டர்கள் வரப்போகின்றன என்று பிரின்சிபாலுக்கு ஒரே குஷி. சாயங்காலத்தில் செங்கல்பட்டு ஊருக்குள்ளிருந்தே நல்ல சட்டை போட்ட பிள்ளைகள் வந்து படித்தார்கள். எட்டு மணிக்கு மேல் பஸ் பிடித்து வீடு போய், விடியும் முன்னே கடலில் இருக்க வேண்டிய பையன்கள் எப்படி வருவார்கள்? கொஞ்ச நாள் மரத்தடியில் படுத்துப் பார்த்தார்கள். வாட்ச்மேன் விரட்டினான். பிறகு வகுப்பிலேயே தூங்கி வெளியே துரத்தப்பட்டார்கள். மாசி பிறப்பதற்குள் சிங்காரம் வருவதையே நிறுத்திவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏசுதாஸ் கோயிலுக்குப் போகாமல் குப்பத்துக்குப் போனார். சிங்காரத்தின் அம்மா சொர்ணம் கருவாடு காய வைத்துக்கொண்டிருந்தாள்.

"வா சார், குந்து. தோ கீறான் பாரு, வலையண்ட" என்று கையைக் காட்டினாள்.

சிங்காரம் எழுந்து நின்றான். கறுத்திருந்தான்.

"என்னடா இது? இன்னும் ரெண்டு மாசம். பரீட்சை எழுதிட்டா முடிஞ்சுதே."

"அட்டெண்டென்ஸ் பூட்ச்சி சார். ஆபீஸ்ல கேட்டேன். எழுத முடியாதுன்ட்டாங்க."

 ஏசுதாஸ், மனதில் மாசக்கணக்காக அறுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டார்.

"அன்னிக்கு அவர்தான் பயப்படாம சொல்லுன்னு சொன்னாரே. பாய் வேணும், தூங்க எடம் வேணும்னு சொல்லியிருக்கக் கூடாதாடா?"

"அதத்தான் சார் சொல்ல வந்தேன்" என்றான் சிங்காரம். "உங்க மூஞ்சப் பாத்தேன். பயந்துகினு நின்னீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதேன்னு மாத்தி சொல்லிட்டேன்."

அவன் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. தன்னைக் காப்பாற்றப் பையன் தன் படிப்பைக் கொடுத்துவிட்டான், அதற்குத்தான் மனசுக்குள் அவன் முதுகில் தட்டிக்கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தபோது ஏசுதாஸுக்கு அழுகை முட்டியது. வயசான காலத்தில் கடற்கரையில் நின்று அழுவதா என்று அடக்கிக்கொண்டார்.

"வா, நான் பிரின்சிபால்கிட்ட பேசறேன்."

"என்னிய வுடு சார். மத்த பசங்க கீறாங்க இல்ல, முடிஞ்சா அவனுங்களுக்குப் பகல்ல தொறந்து வுடு."

சொர்ணம் ஒரு பொட்டலம் கருவாட்டைக் கையில் திணித்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் ஏசுதாஸ் யாரையும் கேட்காமல் ஹாலைத் திறந்தார். டைப்ரைட்டர்கள் இன்னும் வந்திருக்கவில்லை. மரத்தடியில் உட்கார்ந்திருந்த குப்பத்துப் பையன்களைக் கூப்பிட்டார். வந்தார்கள். வந்தவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, நிமிர்ந்து, ஆளுக்கொரு புத்தகத்தை விரித்துக்கொண்டார்கள்.

"படுங்கடா" என்றார்.

"பரவால்ல சார்."

"இன்னிக்கு யாரும் வரல. மெய்யாத்தான் சொல்றேன். தூங்குங்க."

"சரி சார்" என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவன்கூடப் படுக்கவில்லை. ஒருவனுக்குக் கண் சொருகியது, பக்கத்திலிருந்தவன் காலை மிதித்தான். அவன் திடுக்கிட்டு நிமிர்ந்து, முதலில் புத்தகத்தைப் பார்த்தான், அப்புறம் ஏசுதாஸின் முகத்தைப் பார்த்தான்.

அதட்டலாமா என்று தோன்றியது. அதட்டினால் இன்னும் விறைப்பார்கள். தன் முகம் அங்கே இருக்கிற வரைக்கும் இவர்கள் தூங்க மாட்டார்கள் என்று அவருக்கு விளங்கியது. வெளியே வந்து கதவைச் சாத்தினார். உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்று படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

பிரின்சிபால் சாப்பிட்டுவிட்டு அந்தப் பக்கமாக வந்தார். திறந்து கிடந்த பூட்டைப் பார்த்தார்.

"என்ன ஏசுதாஸ், பகல்ல திறக்கக் கூடாதுன்னு ஆர்டர் இருக்கே? உள்ளே என்ன பண்றாங்க?"

ஏசுதாஸ் எழுந்து நின்றார். "தூங்கறாங்க சார்" என்றார். கதவுக்கு அந்தப் பக்கம் அது நிஜமாக இருக்க வேண்டுமே என்று அவர் மனசு கெஞ்சியது.