கேட்காமல் போன கடவுச்சொல்

சுரங்க டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அண்ணன் இருந்தார். சுரங்கத்தில் கன்வேயர் கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் வேலை. வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டதும் கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவார். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்தே, திரையில் இருக்கும் தமிழை உரக்கப் படிக்கும் ஒரு மென்பொருளை எழுதினார். பார்வையில்லாதவர்களுக்காக எழுதியது. இலவசம்தான், நிரலையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம். இதைக் கேட்டதும் எங்கள் பிளாக்கில் பலர், "ஓசியில குடுத்துட்டு என்னத்துக்குக் கண்ணக் கெடுத்துகினு இருக்காரு?" என்றார்கள்.

2012 வாக்கில் அந்த வேலையில் நானும் சேர்ந்தேன். கணினி படித்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்று, படித்ததெல்லாம் துருப்பிடித்துக்கொண்டிருந்த காலம். முதலில் பிழைகளைக் கண்டுபிடித்துச் சொன்னேன். பிறகு பயன்படுத்துகிறவர்களின் மடல்களுக்குப் பதில் எழுதினேன். பிறகு நிரலிலேயே கை வைத்தேன். நான் திருத்திய பகுதியை அண்ணன் மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டால் அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியாது.

திருவதிகைப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் எடுக்கும் ஆசிரியை ஒருவர் எங்களோடு அடிக்கடி பேசுவார். பிறவியிலேயே பார்வை கிடையாது. முன்பெல்லாம் பாடம் தயாரிக்க வேண்டுமென்றால் உடன் வேலை பார்ப்பவர்களைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். "இப்ப யாரு மூஞ்சியையும் பாத்து, அதாவது பாக்காம, கெஞ்ச வேண்டியதில்லீங்க" என்று அவரே சிரிப்பார். அவருக்காகத்தான் நாங்கள் உழைத்தோம் என்று சொன்னால் மிகையில்லை.

சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இணையம் வழியாகச் சிலர் வந்து சேர்ந்தார்கள். நல்ல வேலைக்காரர்கள். ஆனால் அவர்கள் எழுதி அனுப்பியதை அண்ணன் வரிக்கு வரி பார்த்த பிறகுதான் சேர்ப்பார். பார்ப்பதற்கு வாராந்திர விடுமுறை வர வேண்டும். அந்த நாளில் ஒரு கல்யாணம், காதுகுத்து வந்துவிட்டால் அடுத்த வாரம். ஆர்வத்தோடு அனுப்பியவர்கள் சோர்ந்து போனார்கள். இன்னொரு பக்கம், காசு கொடுத்து வாங்கிய மாதிரி வசைமடல்கள். "இதுகூடவா வேலை செய்யாது?" என்று ஒருவர் எழுதினார். அண்ணன் அதற்கும் உட்கார்ந்து பணிவாகப் பதில் எழுதினார். எனக்குத்தான் ரத்தம் கொதித்தது.

அவர் மனைவி ஒருநாள் என்னிடம் சொன்னார்: "ட்யூட்டி முடிஞ்சா மனுசங்க வூட்டுக்கு வருவாங்க. இவரு வூட்டுக்கு வந்து இன்னொரு ட்யூட்டி ஏறிடுறாரும்மா."

புதிய பதிப்பை வெளியிடும் கடவுச்சொல் அண்ணனிடம் மட்டுமே இருந்தது. சிங்கப்பூர்க்காரர் குழுவுக்கு நீளமாக ஒரு மடல் எழுதினார். பொறுப்பைப் பிரிக்க வேண்டும், ஒரு கமிட்டி வேண்டும், கடவுச்சொல் நாலு பேரிடமாவது இருக்க வேண்டும். எழுதிய தோரணை கொஞ்சம் அதிகாரம்தான். விஷயம் நூற்றுக்கு நூறு சரி. அண்ணன் எல்லோரும் படிக்கும்படி அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர் போனார், அவரோடு மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். நான் வாயே திறக்கவில்லை. கடைசியில் அண்ணனும் நானும்தான் மிச்சம்.

அப்புறம் அண்ணனும் வற்றிப் போனார். மடல்களைத் திறப்பதை விட்டார். தெருவில் பார்த்தால் கரண்ட் பில், வெயில் என்று ஏதாவது பேசுவார். மென்பொருள் பேச்சு வந்தால் வண்டியைக் கிளப்பிவிடுவார்.

அந்தச் சமயம் பார்த்து ஆசிரியையின் பள்ளிக்குப் புதுக் கணினிகள் வந்தன. அவற்றில் எங்கள் மென்பொருள் வாயைத் திறக்கவில்லை. அவர் போன் செய்தார். காரணத்தைக் கண்டுபிடித்து நான் சரிசெய்தும்விட்டேன். ஆனால் எங்கள் இணையப் பக்கத்தில் முறையாக வெளியான பதிப்பைத்தான் அந்தக் கணினிகளில் ஏற்ற விடுவார்கள். என் பென்டிரைவுக்கு அங்கே மரியாதை இல்லை. அண்ணனிடம் சொன்னேன். "வீக்லி ஆஃப்ல பாத்துடுறேம்மா" என்றார். மறு வாரமும் அதையே சொன்னார். நிரலைப் பிரதியெடுத்து வேறு பெயரில் நானே நடத்தியிருக்கலாம், யாரும் தடுக்க முடியாது. அவர் வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன், மனம் வரவில்லை. பருவத்தேர்வு வந்து போயிற்று. ஆசிரியையின் போனும் நின்றுபோனது.

போன் நின்றதுதான் என்னை உலுக்கியது. நேராக அண்ணன் வீட்டுக்குப் போய், உட்காராமலே, "கடவுச்சொல்லக் குடுங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் என்னையே பார்த்தார். "இத்தினி நாளா ஏம்மா கேக்கல?"

"நீங்க ஏண்ணே குடுக்கல?"

"ரிலீவர் வருவான் வருவான்னு நானும் குந்திகினே இருந்தேன். நீ பக்கத்துலயே குந்திகினு வேடிக்க பாத்துகினு இருந்திருக்கியே!"

சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்தாலும் இருக்கையை விட்டு எழுந்து போக முடியாது. அடுத்த ஷிப்ட் ஆள், அதாவது ரிலீவர், நேரில் வந்து, "நான் வந்துட்டேன், நீ கெளம்பு" என்று சொல்ல வேண்டும். வராவிட்டால் அடுத்த ஷிப்டையும் இவரே பார்க்க வேண்டும். வருவது வருகிறவன் பொறுப்பு. யாரும் போய்க் கூப்பிடுவதில்லை. நான் வளர்ந்தது வேறு வீடு. அப்பாவுக்கு அலுவலகத்தில் பகல்நேர ஜெனரல் ஷிப்ட். அங்கே நாற்காலி மேலதிகாரியின் ஆர்டரில்தான் வரும். வருமுன் வாய்விட்டுக் கேட்டவனுக்குப் பதவி ஆசை பிடித்தவன் என்று பெயர். ஒரே டவுன்ஷிப்பில் இருந்துகொண்டு, அவர் நான் வருவேன் என்றும் நான் அவர் அழைப்பார் என்றும் காத்திருந்திருக்கிறோம். இதை என்னவென்று சொல்ல?

"அப்ப சிங்கப்பூர்க்காரரு கேட்டாரே?" என்றேன்.

"அவரு சீட்டுல குந்தறேன்னு சொல்லலியே. நின்னுகினு கேள்வி கேக்க நாலு பேர அனுப்பறேன்னாரு."

அது நியாயமில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அன்று சண்டை போடத் தெம்பில்லை. கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு வந்து அந்த வாரமே புதிய பதிப்பை வெளியிட்டேன். விட்டுப்போன பழைய ஆட்கள் எல்லோருக்கும் எழுதினேன். ஒருவர் மட்டும், "வாழ்த்துகள், எனக்கு இனி முடியாது" என்று பதில் போட்டார்.

பிறகு பஸ் பிடித்து ஆசிரியையின் பள்ளிக்குப் போனேன். புதிய பதிப்பை ஏற்றி ஓடவிட்டேன். அழகாகப் படித்தது. அவர் தலையைச் சாய்த்து முழுப் பக்கத்தையும் கேட்டார்.

"நல்லாருக்குங்க" என்றார். "ஆனா நான் இப்ப ஒரு கம்பெனி போன்ல பழகிகினேன். அது தமிழக் கொத்திக் கொத்திதான் படிக்குது. ஆனா நிக்கல. தப்பா நெனச்சிக்காதீங்க. உங்கள்து நின்னப்ப திரும்பவும் ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி, கொஞ்சம் படிச்சி காட்டுங்கன்னு கேட்டுகினு நின்னேன். இன்னொரு வாட்டி அப்டி நிக்க என்னால முடியாதுங்க."

மறுநாள் அண்ணன் செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "என்னம்மா சொன்னாங்க?" என்று ஆசையாகக் கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன்.

"திரும்பக் கேட்டுகினு நின்னாங்களா?" என்றார். ஷூ லேஸைக் கட்டாமல் கையிலேயே பிடித்திருந்தார். நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை கேட்காமல் வீறாப்பாக உட்கார்ந்திருந்த அந்த மாதங்களில், அந்தம்மா பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.