திராட்சைத் தோட்டத்துக்கு முன் இரண்டு கையெழுத்து

ஈத் லீவில் ஜார்ஜியா போய், வாடகைக் காரில் ஒயின் கிராமங்களை நிதானமாகச் சுற்றுவதாகத் திட்டம். நானும் ரூம்மேட் செந்திலும். ஒரே கம்பெனி.

இன்று துபாய் ஏர்போர்ட் கவுன்டரில் அவன் ஐடியைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்த பெண், அவனுடைய ரெசிடென்ஸ் விசா கேன்சல் ஆகிவிட்டது என்றாள். அது இல்லாமல் ஜார்ஜியாவுக்குள் விட மாட்டார்கள்.

கம்பெனி எடுத்துக் கொடுத்த விசா அது; வேலை போனதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எதுலடா கையெழுத்து போட்ட?"

"லீவுக்குன்னு எச்ஆர் அரபில ரெண்டு பேப்பர் நீட்டுனான். யல்லா யல்லான்னு அவசரப்படுத்துனான்."

"படிக்காமலேயா போட்ட?"

"நீ மட்டும் படிச்சியா?"

இல்லை. எனக்கு ஒரு பேப்பர்தான் வந்தது.

"நீயாவது போடா. தோட்டத்துல ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நானும் அங்கதான் இருக்கேன்னு வீட்டுல சொல்லிக்கிறேன்."

போகவில்லை. அல் குசைஸில் இருக்கும் ரூமுக்கே திரும்பிக்கொண்டிருக்கிறோம்.

கேட்டவுடன் லீவு கிடைத்த அதிர்ஷ்டசாலிகளே, நீங்கள் எத்தனை பேப்பரில் கையெழுத்து போட்டீர்கள்?