ஸ்டவ் வெடித்தது

பம்பு ஸ்டவ்வைப் பற்றவைத்தால் முதலில் வருவது வாடைதான். பர்னருக்கு அடியிலுள்ள கிண்ணத்தில் ஊற்றிய சீமெண்ணெய் மஞ்சளாக எரிந்து புகைந்து மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அதற்குப் பிறகுதான் "புஸ்"ஸென்று நீலத் தீ கிளம்பும். காக்ஸ் டவுனில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டின் ஆறு வீடுகளிலும் விடிந்ததும் அந்த வாடை ஒன்றாக எழும்பும். எனக்கு அது பிடிக்கும் என்று சொல்லித் திரிந்த காலம் ஒன்று உண்டு. பத்து வயதில் அது முடிந்துபோயிற்று.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின வாரம் அப்பா புது ஸ்டவ் வாங்கி வந்தார். விற்றவர் மார்க்கெட் பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்தவர், எங்கள் சர்ச்சில் முதல் பெஞ்சில் உட்காருகிறவர். பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் "கடை அங்கிள்". எட்டாம் நாள் காலை அம்மா தரையில் உட்கார்ந்து எனக்காக உப்புமா கிளறிக்கொண்டிருந்தாள். தீ தணிந்த மாதிரி இருந்ததால் நாலு தடவை பம்பு அடித்தாள், அவ்வளவுதான், தொட்டியின் அடிவிளிம்பு பிளந்து எண்ணெய் அவள் நைலக்ஸ் சேலையெல்லாம் தெறித்துப் பற்றிக்கொண்டது. வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்த அப்பா ஓடிவந்து கம்பளியைப் போட்டுப் புரட்டினார். அவர் கைகளும் வெந்தன. ஒரு காலில் மட்டும் ஷூவோடு கதவருகில் நின்று நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் அம்மாவின் கட்டிலருகே குனிந்து கன்னடத்தில், "நிஜ ஹேளம்மா, யாரு மாடித்து?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். உண்மையைச் சொல், யார் செய்தது என்று. அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள்: "ஸ்டவ் வெடிச்சுது சார்." பக்கத்து வீட்டு மேரி ஆன்ட்டி காம்பவுண்டுக் குழாயடியில் அதையே சொன்னாள், ஆனால் உதட்டோரம் ஒரு சிரிப்போடு: "ஸ்டவ் வெடிச்சுதாம்!" அந்த நாட்களில் புருஷன் கொளுத்தினாலும், மாமியார் கொளுத்தினாலும், அவளே ஊற்றிக்கொண்டாலும் வெளியே சொல்வது இந்த ஒரே வாக்கியம்தான். அதனால் நிஜமாகவே ஸ்டவ் வெடித்தபோது நம்புவதற்கு ஓர் ஆள் இல்லை. அப்பாவை எல்லோரும் உற்றுப் பார்த்தார்கள். ஸ்டவ்வை யாரும் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். பிளந்த விளிம்பு நெடுக, பித்தளைக்குள் சாம்பல் நிறத்தில் ஈயம். விரிசல் விட்ட பழைய தொட்டிக்கு ஈயம் வைத்து அடைத்து, மேலே பாலிஷ் போட்டு, புதுசென்று தள்ளிவிட்டிருக்கிறார் மனிதர். அந்தத் தொட்டியைப் பள்ளிக்கூடப் பையில் வைத்துக் கொண்டுபோய்க் கடை அங்கிளின் மேஜைமேல் வைத்தேன். வாங்க வந்தவர்கள் எதிரிலேயே அவர் என் தலையைத் தடவி, "ஒனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. வீட்ல என்ன நடந்துச்சோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்" என்று சொல்லி, தொட்டியைப் பழைய பித்தளைக் குவியலில் வீசினார். அவர் கை பட்ட இடம் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

அம்மா பிழைத்தாள். ஆனால் கழுத்துத் தோல் இறுகி முகவாயை நெஞ்சோடு இழுத்துக்கொண்டதால், சர்ச்சில் நிமிர்ந்து சிலுவையைப் பார்க்க அவளால் முடியாது. எதிரில் வருகிறவர்களைச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் சொல்வாள். பூசையில் சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரத்தில் அப்பாவின் தழும்புக் கையை யாரும் பிடிக்க மாட்டார்கள். அவர் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார். முதல் பெஞ்சில் கடை அங்கிள் எல்லோர் கையையும் குலுக்கிக்கொண்டிருப்பார். அந்த ஆள் நாசமாய்ப் போகவேண்டும் என்று நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜெபித்தேன்.

ஜெபம் பலிக்கவில்லை, படித்து முடித்ததும் பீன்யா தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தது. வால்வு செய்கிற தொழிற்சாலை அது. காற்றை அடைத்துத் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஸ்டவ்வையும் இப்படி முக்கிப் பார்க்கலாமே என்று சேர்ந்த முதல் வாரமே எனக்குத் தோன்றிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பக்கெட் தண்ணீரோடு கடை அங்கிளின் கடைக்கு எதிர்நடைபாதையில் போய் நின்றேன். ஸ்டவ் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர்களை நிறுத்தி, மூடியை இறுக்கி, பம்பு அடித்து, முக்கிக் காட்டினேன். முதல் வாரம் ஒன்றுமில்லை. எல்லோரும் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். அடுத்த வாரம் ஒரு கர்ப்பிணிப் பெண் வாங்கிய ஸ்டவ்வின் அடிவிளிம்பிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. கூட்டம் கூடிவிட்டது. பிளேடால் சுரண்டினேன், ஈயம் தெரிந்தது.

அவர் இறங்கி வந்தார். "நான் ஒனக்கு என்னம்மா பண்ணேன்?"

"ஸ்டவ் வெடிச்சுது அங்கிள்" என்றேன்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த வாக்கியத்தைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. மாதம் முடிவதற்குள் அவர் ஸ்டவ் வியாபாரத்தை நிறுத்தினார், முதல் பெஞ்சையும் விட்டார். வீட்டில் அம்மா, "எல்லாரும் இருந்தாங்களா? சத்தமா சொன்னியா?" என்று மூன்று தடவை கேட்டாள். அப்பா அதற்கு முந்தின வருஷமே, இதைக் கேட்காமலே இறந்துபோயிருந்தார். அதனால்தான், என்ன பிரசங்கம் கேட்டாலும், அந்த மனிதரை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை.

இப்போது பம்பு ஸ்டவ் எந்த வீட்டிலும் இல்லை. காம்பவுண்டு இருந்த இடத்தில் அடுக்குமாடி, கடையில் மொபைல் கவர் விற்கிறார்கள். அம்மாவும் இல்லை. போன வாரம் எதிர் ஃப்ளாட்டுக்காரி பேப்பரை நீட்டி, "சிலிண்டர் வெடிச்சுதாம்!" என்றாள். உதட்டோரம் மேரி ஆன்ட்டியின் அதே சிரிப்பு.

"உங்க வீட்டு கேஸ் டியூப் மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கரைத்து எடுத்துக்கொண்டு அவள் சமையலறைக்குள் போய், ரெகுலேட்டரோடு டியூப் சேருகிற இடத்தில் தடவினேன். ஒவ்வொன்றாகக் குமிழி எழும்பியது. அவள் சிரிப்பு போகிறவரைக்கும் பார்க்க வைத்துவிட்டு, பிறகுதான் சிலிண்டரை மூடினேன்.